ஏற்காட்டு வீட்டுப் பலகைத் தரையில் இடுக்கு: எப்போது அடைப்பது, எதை வைத்து அடைப்பது

நாகலூர் போகும் வழியில் தாத்தா காலத்து வீடு. கூடத்திலும் இரண்டு அறைகளிலும் பலகைத் தரை. பலகைகளுக்கு நடுவே இடுக்கு விழுந்து, சில இடங்களில் ஒரு ரூபாய்க் காசு நின்றவாக்கில் உள்ளே போய்விடுகிறது. கீழிருந்து குளிர்காற்று வருகிறது, ஒருமுறை தேளும் வந்தது. மெஷின் எதுவும் வாங்காமல் உளி, சுத்தியல், ஆப்பு இவற்றை வைத்து நீங்களும் தம்பியும் அடைத்துவிட முடியுமா, அடிபடாமல் செய்வது எப்படி, கார் ஜாக்கி வைத்துப் பலகையைத் தள்ளச் சொல்கிறார்களே அது சரிதானா. நீங்கள் கேட்டது இவ்வளவுதான்.

முடியும். ஆனால் இப்போது ஆரம்பிக்காதீர்கள். நீங்கள் எழுதியிருப்பது பங்குனியில். வருஷத்திலேயே மரம் அதிகம் வறண்டு சுருங்கிக் கிடக்கிற நேரம் இது. இன்றைக்குத் தெரிகிற இடுக்கில் பாதிக்கு மேல் ஆடி, ஆவணி மழையில் தானாக மூடிக்கொள்ளும். இப்போது அதில் கெட்டியாக எதையாவது அடித்து இறுக்கிவிட்டால், மழையில் மரம் ஊதும்போது போக இடமில்லாமல் பலகை நடுவில் கூனும், இல்லை ஆணியைப் பிய்த்துக்கொண்டு மேலே எழும்பும்.

எவ்வளவு ஊதும் என்று ஒரு கணக்கு சொல்கிறேன். மரம் நீளவாக்கில் அசைவது கண்ணுக்குத் தெரியாது. அசைவெல்லாம் அகலத்தில்தான். 6 அங்குல அகலத் தேக்குப் பலகையில் ஈரம் 4 சதவீதம் குறைந்தால் அகலம் சுமார் 1 மி.மீ. சுருங்கும். தேக்கு மற்ற மரங்களைவிட அடக்கமானது, அதற்கே இந்தக் கணக்கு. 10 அடி அறையில் குறுக்கே 20 பலகை இருக்கும். மொத்தமாகக் கூட்டினால் 20 மி.மீ., அதாவது முக்கால் அங்குலத்துக்கும் மேல். தோட்டத்தில் காப்பிக்கு நிழலாகவும் மிளகுக் கொடிக்குப் பிடிமானமாகவும் நிற்கிற சில்வர் ஓக் மரத்தை அறுத்துப் போட்ட தரையும் மலையில் உண்டு. அது சரியாக உலராத பலகையாக இருந்தால் போட்ட முதல் கோடையிலேயே வாயைப் பிளந்துவிடும். அந்த இடுக்கு மழைக்கும் முழுசாக மூடாது.

சேலத்தில் மரம் வாங்குகிறவர்கள் தவறவிடுகிற விஷயம் ஒன்று. சேலம் கடல்மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1500 மீட்டர். கீழே மர டிப்போவில் வெயிலில் காய்ந்த பலகையை 20 கொண்டை ஊசி வளைவு ஏற்றிக் கொண்டுவந்து அன்றைக்கே அளந்து அறுத்துப் போட்டால், அது மேலே உள்ள ஈரத்தைக் குடித்துத் தடித்த பிறகு உங்கள் அளவு எதுவும் நிற்காது. மாற்றுப் பலகை வேண்டுமானால் முன்கூட்டியே வாங்கி, எந்த அறையில் போடப்போகிறீர்களோ அந்த அறையிலேயே, நடுவில் ரீப்பர் துண்டு (மெல்லிய மரச்சட்டம்) வைத்துக் காற்றோட்டமாக அடுக்கி இரண்டு மூன்று வாரம் விட்டுவிடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது அளவெடுப்பது மட்டும்தான். பழைய விசிட்டிங் கார்டுகளை எடுத்து, ஒவ்வொரு இடுக்கிலும் எத்தனை கார்டு சேர்ந்து நுழைகிறது என்று பார்த்து, சுவரோரமாகப் பென்சிலில் எண்ணை எழுதி வையுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் அதே இடத்தில் மறுபடி நுழைத்துப் பாருங்கள். அப்போது மிஞ்சுகிற இடுக்குதான் நீங்கள் அடைக்க வேண்டியது. முழுசாக மூடிக்கொண்டதைத் தொடாதீர்கள். அடுத்த பங்குனியில் அது மறுபடி திறக்கும், திறக்கட்டும்.

எல்லாப் பலகையும் ஒட்டியபடி இருக்க, ஆறேழு பலகைக்கு ஒரு இடத்தில் மட்டும் பெரிய இடுக்கு விழுந்திருந்தால், பெயிண்டோ வார்னிஷோ பலகைகளை ஒன்றாக ஒட்டவைத்திருக்கிறது என்று அர்த்தம். அத்தனை பலகையின் சுருக்கமும் அந்த ஒரே இடத்தில் போய்ச் சேர்கிறது. அங்கே கெட்டியாக எதையும் வைக்கக் கூடாது. இடுக்கோடு சேர்த்துத் தரையும் பள்ளமாகி, மிதித்தால் அமுங்கினால் அது வேறு விவகாரம். அடியில் தாங்கும் சட்டம் உளுத்திருக்கும், அல்லது கரையான் தின்றிருக்கும். அதற்கு ஆசாரியைத்தான் கூப்பிட வேண்டும். சுவரோரத்தில் ஸ்கர்ட்டிங் பலகைக்கு அடியில் ஒரு விரற்கடை இடைவெளி இருக்குமே, அது குறை இல்லை, மரம் ஊதுவதற்காகவே விட்டது. வெளிச்சுவரில் தரைக்குக் கீழே இருக்கும் காற்றுத் துவாரங்களையும் எலி வருகிறது என்று சிமென்ட் வைத்துப் பூசிவிடாதீர்கள். கம்பி வலை அடியுங்கள், போதும். காற்று நின்றால் அடிச்சட்டம் புழுங்கி உளுக்கும்.

எதை வைத்து அடைப்பது என்பதில் எனக்குக் கறாரான அபிப்பிராயம் உண்டு. பெவிகாலில் மரத்தூள் குழைத்து அப்புவது ஆணி ஓட்டைக்குச் சரி, இடுக்குக்குச் சரிப்படாது. மரம் ஒரு சுற்று ஊதிச் சுருங்கியதும் விரிசல் விட்டு, பெருக்கும்போது பொடியாக வரும். எம்-சீல் என்கிற அடைப்புப் பசை காய்ந்தால் மரத்தைவிடக் கெட்டி. மரம் நெருக்கும்போது பலகையின் ஓரம்தான் உடையும். வெள்ளை சிமென்ட் ஈரத்தைப் பிடித்து வைக்கும், ஓரத்தை அழுகவைக்கும். மிஞ்சுவது இரண்டு வழி: கோடையிலும் மழையிலும் கார்டு எண்ணிக்கை மாறாத, அசையாத இடுக்குக்கு அதே மரத்தில் சிம்பு, அதாவது மெல்லிய மரப்பட்டை; எண்ணிக்கை மாறுகிற, அசைகிற இடுக்குக்குக் கயிறு. இரண்டுக்கும் அடங்காத அளவு தரை கெட்டிருந்தால் பலகையைக் கழற்றி நெருக்கிப் போட வேண்டியதுதான். மூன்றையும் சொல்கிறேன், அதற்கு முன்னால் கருவியைப் பார்த்துவிடலாம்.

இந்த வேலையில் பெரும்பாலும் அடிபடுவது ஒரு கருவியை அதற்கில்லாத வேலைக்குப் பயன்படுத்தும்போதுதான். திருப்புளியை உளியாக அடிப்பது, உளியைக் கடப்பாரையாக நெம்புவது, ஒரு சுத்தியலை இன்னொரு சுத்தியலால் அடிப்பது. கடைசியாகச் சொன்னதை எந்தக் காரணத்துக்காகவும் செய்யாதீர்கள். இரண்டும் கடினப்படுத்திய எஃகு, மோதினால் சில்லு தெறிக்கும். உளியின் பிடி இரும்பாக இருந்து, அடிபட்டு அடிபட்டுத் தலை காளான் மாதிரி விரிந்திருந்தால் அந்த விளிம்பைச் சாணை பிடித்து எடுத்துவிட்டுத்தான் தொட வேண்டும். மரப்பிடி உளியை மரத்தாலான கொட்டாப்புளியால் அடிக்க வேண்டும், இரும்புச் சுத்தியலால் அடித்தால் பிடி பிளக்கும்.

சுத்தியல் தலை ஆடினால் ராத்திரி தண்ணீரில் ஊறப்போட்டுக் காலையில் எடுப்பது நம் வீடுகளில் வழக்கம். உங்கள் தரைக்கு நடக்கிற அதே கதைதான் அங்கேயும் நடக்கிறது. பிடி ஊதி இறுகும், இரும்புக்குள் நசுங்கும், காய்ந்ததும் முன்பைவிட அதிகமாக ஆடும். அன்றைக்கு மதியமே தலை கழன்று பறக்கலாம். பிடியின் நுனியில் புது ஆப்பு அடியுங்கள், இல்லாவிட்டால் புதுப் பிடி போடுங்கள்.

உளி கூராக இருக்க வேண்டும். மழுங்கிய உளிதான் ஆபத்து, ஏனென்றால் அதற்குப் பலம் கொடுத்துத் தள்ளுவோம், வழுக்கினால் அந்தப் பலம் முழுவதும் கையில் இறங்கும். எப்போதும் இரண்டு கையும் உளியின் வாய்க்குப் பின்னால் இருக்கட்டும். ஒரு கையால் துண்டைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அதை நோக்கிச் செதுக்குவதுதான் இடது உள்ளங்கையைக் கிழிக்கிற வேலை. துண்டை சி கிளாம்ப் போட்டு மேசையில் இறுக்குங்கள், இரண்டு கையும் விடுதலையாகிவிடும். கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, காலுக்கு மூடிய ஷூ. ஹவாய் செருப்பும் தரையில் இழுபடும் லுங்கியும் இந்த வேலைக்கு ஆகாது. முட்டிக்குக் கீழே சாக்கை நாலாக மடித்துப் போட்டுக்கொள்ளுங்கள். முட்டி வலித்தால் உட்காரும் விதம் மாறும், விதம் மாறினால் கை தப்பும்.

இடுக்கைச் சுத்தம் செய்வதுதான் அலுப்பான பகுதி. பல பத்தாண்டு அழுக்கும் மெழுகும் கல்லாகிக் கிடக்கும். ஆக்ஸா பிளேடு துண்டின் ஒரு முனையில் துணியைச் சுற்றிப் பிடியாக்கி, மறுமுனையால் உங்கள் உடம்பிலிருந்து விலகும் திசையில் சுரண்டுங்கள். வளைந்த கொக்கிக் கம்பியாக இருந்தால் இழுத்துத்தான் ஆக வேண்டும். அப்போது முட்டியையும் தொடையையும் இழுக்கும் கோட்டிலிருந்து நகர்த்தி உட்காருங்கள். பழைய பெயிண்ட் அடித்த தரையென்றால் உலர்ந்தபடி சுரண்டாதீர்கள். வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்று இந்தியாவில் விதி வந்ததே 2016இல், நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் இருக்கலாம் என்று வைத்துக்கொள்வதுதான் நல்லது. இலேசாகத் தண்ணீர் தெளித்து, மாஸ்க் போட்டு, குழந்தைகளை வேறு அறைக்கு அனுப்பிவிட்டுச் செய்யுங்கள். தூசியை விளக்குமாறால் பெருக்காமல் ஈரத் துணியால் எடுங்கள்.

சிம்பு வைப்பது இப்படி. அதே ஜாதி மரத்தில், முடிந்தால் வீட்டிலேயே கிடக்கும் பழைய துண்டில், இடுக்கைவிட மயிரிழை தடித்த நீளப் பட்டை அறுத்து, அடிப்பக்கம் மெலிந்து மேல்பக்கம் தடித்திருக்கும்படி இழைத்துக்கொள்ளுங்கள். பசையை ஒரு பக்கம் மட்டும் தடவ வேண்டும். இரண்டு பக்கமும் தடவினால் இரண்டு பலகையையும் ஒட்டிவைத்த மாதிரி ஆகும், அடுத்த கோடையில் பக்கத்து இடுக்கு பிளக்கும். சிம்பை இடுக்கில் நிறுத்தி, மேலே ஒரு கட்டையை வைத்து, கட்டையின் மேல் கொட்டாப்புளியால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டிக்கொண்டு போங்கள். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் சிம்பு நடுவில் முறிந்து, அதன் கூர் முனை பிடித்திருக்கும் விரலில் ஏறும். சிம்பு தரைக்கு மேல் 1 மி.மீ. துருத்தி நிற்கட்டும். ஒரு நாள் காய்ந்த பிறகு, துருத்துவதைச் சீவ இழைப்புளி போடலாம். போடுவதற்கு முன் அந்தப் பக்கத்து ஆணித் தலைகளையெல்லாம் பஞ்ச் வைத்து 3 மி.மீ. உள்ளே இறக்கிவிடுங்கள். ஒரே ஒரு ஆணித் தலை போதும், இழைப்புளி அலகு பல் விட்டுவிடும்.

அசைகிற இடுக்குக்குப் பருத்திக் கயிறோ சணல் கயிறோ போதும். இடுக்கைவிடக் கொஞ்சம் தடித்த கயிற்றை எடுத்து, மழுங்கிய பட்டி பிளேடால் உள்ளே அமுக்குங்கள். கூரான உளி வேண்டாம், கயிற்றை வெட்டிவிடும். மரம் ஊதும்போது கயிறு அமுங்கிக் கொடுக்கும், சுருங்கும்போது காற்றைத் தடுக்கும். தேளும் பெரும்பாலும் அடங்கும். பார்வைக்குத் தேக்கு நிறம் வேண்டுமென்றால் தேயிலைச் சாயத்தில் முக்கி நன்றாகக் காயவைத்து எடுங்கள். உங்கள் கூடத்துக்கு, நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் இந்தக் கயிறிலேயே முடிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

கழற்றிப் போடுகிற வேலை இருவர் வேலை. முதலில் மெயினை அணையுங்கள், அறை ஸ்விட்சை மட்டும் அணைத்தால் போதாது. பழைய வீடுகளில் பிற்பாடு இழுத்த ஒயர் தரைக்கு அடியில் சும்மா கிடப்பது சகஜம். ஸ்கர்ட்டிங்கை எடுத்துவிட்டு, சுவரோரப் பலகையில் ஆரம்பியுங்கள். ஆணி பிடுங்கும் தட்டைக் கம்பிக்கு அடியில் ஒரு மெல்லிய மரத்துண்டு வைத்து நெம்பினால் பக்கத்துப் பலகை நசுங்காது. கம்பி வழுக்கினால் உங்கள் கை எங்கே போய் மோதும் என்று முதலில் பாருங்கள். மோதுகிற இடத்தில் சுவரோ ஆணியோ இருந்தால் நிற்கிற பக்கத்தை மாற்றுங்கள். பலகை கொஞ்சம் எழும்பியதும் விரலை நுழைக்காதீர்கள். கம்பியாலேயே நன்றாகத் தூக்கி, டார்ச் அடித்துப் பார்த்து, அப்புறம் தடித்த கையுறையோடு கை வையுங்கள். தேள் மட்டுமில்லை, பாம்பும் குளவியும் அந்த இருட்டில் குடியிருக்கும். கழற்றிய பலகையில் ஆணியை அப்போதே பிடுங்கிவிடுங்கள், அப்புறம் பார்க்கலாம் என்று சாய்த்து வைத்த பலகையில்தான் யாராவது கால் வைப்பார்கள். துருப்பிடித்த ஆணி குத்தினால் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். டெட்டனஸ் வராமல் தடுக்கும் ஊசி தேவையா என்று அவர் சொல்லுவார்.

மறுபடி போடும்போது நெருக்குவதற்கு இரட்டை ஆப்பைவிடப் பாதுகாப்பான வழி கையில் எடுக்கிற கருவியில் கிடையாது. நாலைந்து பலகையை ஆணி அடிக்காமல் வரிசையாகப் பரப்புங்கள். கடைசிப் பலகையிலிருந்து ஒரு சாண் தள்ளி, அடிச்சட்டத்தின் மேல் ஒரு முட்டுக்கட்டையை இரண்டு திருகாணி போட்டு இறுக்குங்கள், ஆணி மட்டும் அடித்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். பலகையின் ஓரத்தில் துருத்தி நிற்கும் நாக்கு உடையாதபடி, ஒரு பழைய பலகைத் துண்டை அதன் காடி (ஓரப் பள்ளம்) நாக்கில் பொருந்தும்படி, பசை போடாமல் நெருக்கி வையுங்கள். அந்தத் துண்டுக்கும் முட்டுக்கட்டைக்கும் நடுவே இரண்டு ஆப்புகளை எதிரெதிராகச் செருகி, இரண்டின் தலையிலும் மாறி மாறித் தட்டினால் பலகைகள் மெதுவாக, நேராக நெருங்கும். இரண்டு மூன்று சட்டத்தில் இப்படி ஜோடி ஆப்பு வைத்து ஒவ்வொன்றிலும் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஆப்பு எந்தத் திசையில் தெறிக்குமோ, அதாவது அதன் தலைக்கு நேரே, முகத்தையோ காலையோ வைக்காதீர்கள். கூனிய பலகை வழிக்கு வரவில்லை என்றால் இன்னும் ஓங்கி அடிக்காமல் அதை இரண்டாக அறுத்துச் சிறு துண்டாகப் பயன்படுத்துங்கள். பிடிவாதத்தில் மரம்தான் ஜெயிக்கும்.

ஆசாரிகள் அகல உளியை அடிச்சட்டத்தில் ஒரு கொத்துக் கொத்தி, அதைப் பலகையின் ஓரத்தோடு சேர்த்து நெம்பிக்கொண்டே மறு கையால் ஆணி அடிப்பதை நீங்கள் பார்த்திருக்கலாம். அழகான வேலை, வேகமாகவும் முடியும். ஆனால் அவர்கள் கை வேறு, உங்கள் கை வேறு. உளியின் எஃகு வெட்டுவதற்காகக் கடினப்படுத்தியது, பக்கவாட்டில் வளைத்தால் சொல்லாமல் முறியும், முறிந்த துண்டு உங்கள் முகத்தை நோக்கி வரும். நெம்பித்தான் ஆக வேண்டுமென்றால் சின்னக் கடப்பாரை போதும்.

நெம்புபவர் ஒருவர், ஆணி அடிப்பவர் ஒருவர் என்று பிரித்துக்கொண்டால், அடிப்பவர் சொல்லும்வரை நெம்புபவர் விடக் கூடாது. சத்தத்தில் ‘விடு’ என்பதும் ‘விடாதே’ என்பதும் ஒன்றுபோலக் கேட்கும். அதனால் ‘ஆச்சு’ என்று சொன்னால்தான் கையெடுப்பது என்று முன்பே பேசிவையுங்கள். 1 அங்குலப் பலகைக்கு இரண்டரை அங்குல ஆணி சரி. முனைப்பக்கம் அடிக்கும்போது கைத்துளைப்பானால் முதலில் மெல்லிய துளை போட்டால் பலகை பிளக்காது. ஆணியைத் தொடக்கத்தில் குறட்டால் பிடித்துக்கொள்ளலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது, தெரிந்தே ஆக வேண்டியது. கடைசியில் லின்சீட் ஆயில் (ஆளிவிதை எண்ணெய்) பூசித் துடைப்பீர்கள் அல்லவா, அந்தத் துணியைக் கசக்கி மூலையில் போடாதீர்கள். அந்த எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது சூடு கிளம்பும். துணி சுருண்டு கிடந்தால் சூடு வெளியேறாமல், யாரும் தீக்குச்சி கிழிக்காமலேயே ராத்திரியில் பற்றிக்கொள்ளும். வாசலில் ஒற்றையாக விரித்துக் காயப்போடுங்கள், இல்லையென்றால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் மூழ்கவிட்டு மூடுங்கள்.

அப்புறம் அந்த ஜாக்கி. வேண்டாம். கார் ஜாக்கி டன் கணக்கில் தள்ளும், அது தள்ளுவது பலகையை மட்டும் அல்ல, எதிர்ப்பக்கத்துச் சுவரையும்தான். மலையில் உள்ள பழைய வீடுகளின் சுவர் பல இடங்களில் கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டியது. நேர் கீழாகப் பாரத்தைத் தாங்கும், பக்கவாட்டில் தள்ளினால் தாங்காது. போதாததற்கு ஜாக்கியைச் சாய்த்துப் படுக்கவைத்தால் அதன் அடித்தட்டு வழுக்கும், எண்ணெய் ஜாக்கியாக இருந்தால் படுத்தவாக்கில் பல மாடல்கள் ஒழுங்காக வேலையே செய்யாது. சொன்னவரிடம் ஜாக்கியை ஸ்டெப்னி பக்கத்திலேயே வைத்திருக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் கருவேலங்கட்டையில் நாலு ஜோடி ஆப்பு செதுக்கிக் காயவைக்க ஆரம்பியுங்கள். ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.